பாதி பார்த்த பள்ளிக்கூடம்

நீ கொழும்பில் நலமாக இறங்கிவிட்டாய். இது உறுதியான செய்தி. சொன்னவர் உன்னை ஏற்றிச் சென்ற தோணியை ஓட்டிய தண்டல். இன்று காலை பழைய துறைமுகத்தில், வெங்காய மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த அவரை நேரில் பார்த்துக் கேட்டேன். "ஒம்ம மவன கரையில எறக்கிவிட்டுட்டுத்தான் வந்தேன், அண்ணாச்சி. மேலுக்கு ஒண்ணுமில்ல" என்றார். சாப்பிட்டானா என்று கேட்டேன். "ரெண்டு வாய் தின்னான். பெறகு கடலையே பாத்துட்டு இருந்தான். ஏலே வாத்தியாரு, அங்கன என்னத்த எண்ணுதன்னு கேட்டேன். அலைய எண்ணுதேன்னான். எண்ணி முடிச்சதும் எனக்கும் சொல்லுன்னேன். அதுக்கு மட்டும் சிரிச்சான்." நீ சிரித்தாய் என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நம்மூர்க்காரர் ஒருவருடைய கிட்டங்கியில் சரக்குக் கணக்குப் பார்க்கிறாய் என்பது வரை தெரிகிறது. எந்தத் தெரு, யாருடைய கிட்டங்கி என்பது தண்டலுக்கும் தெரியவில்லை. விலாசம் இல்லாதவனுக்குத் தபால் எழுத முடியாது. நான் துறைமுகச் செய்தி எழுதும் இந்தப் பத்திரிகை கொழும்பில் நம்மவர் கடைகளுக்குப் போகிறது. அதனால் ஆசிரியரிடம் இடம் கேட்டு வாங்கி இங்கே எழுதுகிறேன். நம் வீட்டுத் துக்கத்தை ஊரார் படிப்பார்கள் என்பது உனக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் உன் தங்கை ரூத் ஆனி மாதம் காய்ச்சலில் போனதை ஊர் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. பேச்சில் வருவது அரைகுறையாக வருகிறது. நடந்ததை நடந்தபடி ஒருவராவது எழுதி வைக்கட்டும்.

மிஷனின் ஆரம்பப் பள்ளிகளை மேற்பார்க்கும் வேலை உன்னிடம் வந்தபோது அது வேலையாகவே இல்லை. மூன்று சூப்பர்வைசர்கள், கரையோரத்திலும் பனங்காட்டிலும் சிதறிக் கிடக்கும் பள்ளிகள், யார் எப்போது எங்கே போவது என்பதற்கு ஒழுங்கு கிடையாது. போய் வந்த பள்ளிக்கே திரும்பத் திரும்பப் போனார்கள். சில பள்ளிகளின் வாசலை யாரும் மிதித்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கார் டெபுடி இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் எல்லாப் பள்ளியையும் நம் ஆட்களே பார்த்துவிட வேண்டும், எங்கே பிள்ளைகள் வாசிக்கவில்லையோ அங்கே முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும் என்று நீ திட்டம் போட்டாய். பள்ளிகளை வழி வழியாகப் பிரித்தாய். சனிக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் உனக்கு ஒரு கார்டு போட வேண்டும்: பார்த்த பள்ளி, இருந்த பிள்ளைகள், வாசிப்பு எப்படி, அடுத்த வாரம் எங்கே. ஒரு பள்ளியை மூட வேண்டிய நிலை என்று ஒருவர் எழுதினால், இன்னொருவர் தனியாகப் போய்ப் பார்க்காமல் அது மேலிடத்துக்குப் போகாது.

அந்தக் கடைசி விதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ சிறுவனாக இருந்தபோது, திரேஸ்புரத்துத் தோணி ஒன்று முழுகிவிட்டது என்று ஒரே ஒருவர் சொன்னதைக் கேட்டு நான் செய்தி அனுப்பினேன். அச்சில் வந்தது. அந்த வீட்டில் கூட்டுச் செபம் வைத்து அழுதார்கள். அந்த வாரமே தோணி பாய் கிழிந்து கரை சேர்ந்தது. ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "எம் புருசன ஒரு வாட்டி கொன்னுட்டீரே, ஐயா" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்து ரூத்திடம் சொல்லியிருக்கிறாய், இனிமேல் அப்பா ரெண்டு பேரைக் கேட்டுத்தான் எழுதணும் என்று. அவள் வந்து எனக்கு உத்தரவு போட்டாள். அன்று முதல் அப்படித்தான் எழுதுகிறேன்.

இப்போது சித்திரையில் நடந்ததற்கு வருகிறேன். நம் வீட்டு முன்னறையில் நீங்கள் கூடியிருந்தீர்கள். உன் மூன்று சூப்பர்வைசர்களான பொன்னையா சார், ஜெபமணி டீச்சர், ரூத், அவர்களோடு நீ. நான் மூலையில் கப்பல் வரவு எழுதிக்கொண்டிருந்தேன். யாருக்கு எந்த வழி என்பதில் மனத்தாங்கல் வரக்கூடாது என்று நீ சீட்டு எழுதி அம்மாவின் நார்ப்பெட்டியில் போட்டுக் குலுக்கினாய். ஜெபமணி டீச்சருக்கு நாசரேத் பக்கம் விழுந்தது. பொன்னையா சாருக்குப் பெரியதாழைக்கு வடக்கே செம்மணல் மேடான தேரிக்காடு. ரூத்துக்குத் தூத்துக்குடி டவுன். வீட்டில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்வரும் பள்ளிகள். பொன்னையா சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சீட்டுக்கும் ஆள் தெரியுது பாரும். மேலாளு தங்கச்சின்னா வீட்டுச் சோறு, கெழவன்னா தேரி மணலு." அவர் எதற்கும் அப்படித்தான் பேசுவார். ஜெபமணி டீச்சர் சிரித்தார். ரூத்தும் சிரித்தாள். "சார், ஒங்களுக்கும் கட்டுச்சோறு கெட்டித் தாரேன்" என்றாள்.

நீ சிரிக்கவில்லை. ரூத்தின் கையிலிருந்த சீட்டை வாங்கி பொன்னையா சாரிடம் கொடுத்தாய். அவருடையதை வாங்கி அவளிடம் கொடுத்தாய். அவரே திடுக்கிட்டு, "ஏ தம்பி, சும்மா சொன்னேன்யா. எனக்கு அங்கன ஒவ்வொரு பனையும் தெரியும்" என்றார். நீ கேட்கவில்லை. "ஏளா, நடந்துருவியா?" என்றாய். "நடப்பேன், அண்ணே" என்றாள். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "மாத்துறதுக்கு எதுக்குலே குலுக்கின?" என்றாள். நான் தலை நிமிராமல் கப்பல் வரவைத் தொடர்ந்து எழுதினேன். உள்ளபடி சொன்னால், எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

பெருமைப்பட எனக்குப் பழக்கம் இருந்தது. நாசரேத்தில் நம் சபையின் அசன விருந்துக்குப் பரிமாறுகிறவர்கள் தம் வீட்டாரைக் கடைசிப் பந்தியில் உட்கார வைப்பதுதான் வழக்கம். நான் பரிமாறுகிற வருஷமெல்லாம் நீங்கள் இருவரும் கடைசிப் பந்தி. கறி தீர்ந்து குழம்பு மட்டும் வரும். "அப்பா, நம்ம எப்பவும் கடைசிதானா?" என்று ரூத் கேட்டதைக்கூட நான் பலரிடம் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். சோற்றுப் பந்தியில் அது நல்ல வழக்கம். இந்த மாதங்களில் நான் யோசித்து முடித்தது இது: வேலையைப் பங்கிடுகிறவன் தன் வீட்டாருக்குக் கூட்டிக் கொடுப்பது பட்சபாதம் என்றால், குறைத்துக் கொடுப்பதும் பட்சபாதம்தான். இரண்டிலும் அவன் வேலையைப் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களைப் பார்க்கிறான். அன்று சீட்டு சரியாகத்தான் விழுந்திருந்தது. பனங்காட்டில் பிறந்து வளர்ந்தவருக்குப் பனங்காடு. துறைமுகத்தில் வளர்ந்தவளுக்குத் துறைமுகம்.

அவள் போனாள். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் வராத காலம். கரி பஸ் எங்கே நின்றதோ அங்கிருந்து நடை. தேரி மணலில் காலை எடுத்து வைத்தால் பாதி பின்னுக்கு வரும். அவள் கார்டுகள் வாரம் தவறாமல் வந்தன. நீ அவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பாய். எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், யார் தடுமாறாமல் வாசிக்கிறான், எந்தக் கரும்பலகை வெளுத்துவிட்டது, எல்லாம் இருக்கும். எங்கே தூங்கினாள், எந்தக் கிணற்றில் குடித்தாள், கால் எப்படி இருக்கிறது என்பது இருக்காது. நீ கேட்காததால் அவள் எழுதவில்லை. மேலாளின் தங்கை நோவு சொன்னாள் என்று வரக்கூடாது என்றும் எழுதவில்லை. இதை அவள் ஜெபமணி டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். கடைசிக் கார்டு வந்த அன்று நீ அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து சரிஞ்சிருக்கு. அவசரத்துல எழுதியிருக்கா" என்றாய். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நாம் மூவரும் அதைக் கேட்டோம், தொடர்ந்து சாப்பிட்டோம்.

அந்தக் கார்டில் கடைசியாக இருந்தது தேரி ஓரத்து அந்தச் சிறு பள்ளி. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும். பள்ளி பூட்டியிருந்தது, ஆசிரியர் இல்லை, பிள்ளைகள் இல்லை, விசாரிக்க ஊரில் ஆள் இல்லை என்று எழுதியிருந்தாள். அதைக் கொண்டு அது மூட வேண்டிய பள்ளிகளின் கணக்கில் சேர்ந்தது. கார்டு நம் கைக்கு வந்த மறுநாள், சாத்தான்குளத்துக்குப் போகும் வண்டிக்காரர் ஒருவர் வழியில் உட்கார்ந்திருந்த அவளைத் தூக்கிக் கிடத்திக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் நீயும் இருந்தாய், அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீ வெளியே போயிருந்த ஒரு நேரத்தில் அவள் நினைவோடு என்னிடம் பேசினாள். "அப்பா, கடைசிப் பள்ளிக்கூடம் பாதிதான் பார்த்தேன். பூட்டின கதவத்தான் பார்த்தேன், பிள்ளையளப் பார்க்கல. நாளைக்கு மறுபடி போகலாம்னு படுத்தேன். அண்ணன்ட்ட சொல்லுங்க, வேற ஆள அனுப்பச் சொல்லுங்க." ஆஸ்பத்திரி வராந்தாவில் இதை உன்னிடம் சொன்னேன். "இப்ப இதுவா, அப்பா" என்றாய். நான் நிறுத்திக்கொண்டேன். அதன்பின் நாம் அதைப் பேசவே இல்லை. காற்றுக் காலம் முடிந்து, மழைக்கு முன் தோணிகள் மறுபடி ஓடத் தொடங்கியதும் நீ தோணி ஏறிவிட்டாய்.

உன்னால்தான் அவள் போனாள் என்று யாரும் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். சொல்கிறார்கள். டாக்டரை இரண்டு தடவை போய்க் கேட்டேன். குடல் காய்ச்சல் தண்ணீரில் வருவது, அந்த மாதம் டவுனிலும் பல பேருக்கு வந்தது, வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கலாம் என்றார். முதல் வாரத்திலேயே படுத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். முதலாவதை மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். இரண்டாவதை மட்டும் நீ ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிறாய்.

நீ போன பிறகு நான் அந்த ஊருக்குப் போனேன். என்னை யாரும் அனுப்பவில்லை. பள்ளி திறந்திருந்தது. மாசிலாமணி வாத்தியார் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஆனியில் ஏன் பூட்டியிருந்தது என்று கேட்டேன். அவருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. பதனீர்க் காலத்தில் அந்த ஊரில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. பனை ஏறுகிறவர்கள் குடும்பத்தோடு காட்டுக்குள் போய் விடிலி போட்டுத் தங்கிவிடுவார்கள், ஓலைக் குடிசையில் பதனீர் காய்ச்சுவார்கள். பிள்ளைகள் காலையில் அடுப்புக்குச் சருகு பொறுக்க வேண்டும். அதனால் இவரும் பள்ளியைப் பூட்டிவிட்டு விடிலிக்கே போய்விடுவார். காய்ச்சு இறங்கிக் கருப்பட்டி ஊற்றிய பிறகு, மத்தியானத்துக்கு மேல், பனை நிழலில் பாடம். வருஷா வருஷம் இப்படித்தான். முன்பு வந்த சூப்பர்வைசர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்துக்காரர்கள், நேராக விடிலிக்கே வந்துவிடுவார்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. ரூத் காலையில் போய், மத்தியானம் வரை படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருந்திருக்கிறார்கள்.

நான் யார் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கிளம்பும்போது சொன்னேன். பள்ளி மூடப்படும் நிலையில் இருப்பதைப் பற்றி மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பாப்பா வந்தது தெரியாதேய்யா. எம் பள்ளிக்கூடத்துப் படியில காய்ச்சலோட உக்காந்துருந்துருக்கே. தெரிஞ்சா ஓடியாந்துருப்பேனே. ஓலப் பட்டையில பதனி ஊத்திக் குடுத்துருப்பேனே" என்றார். இதையே மூன்று நான்கு முறை சொன்னார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். வாசித்தார்கள். ஒரு சிறுமி மட்டும் திக்கினாள். மற்றவர்கள் நன்றாகவே வாசித்தார்கள். நான் தகப்பன், அதோடு பத்திரிகைக்காரன். நான் பார்த்தது உன் விதிப்படி செல்லாது.

பொன்னையா சாரிடம் போனேன். விடிலி விஷயம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஆனி மாசம் தேரியில எவன் ஊருக்குள்ள இருப்பான்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாமே அந்தப் பிள்ள" என்றார். அப்படியானால் நீங்களே இரண்டாவதாகப் போய்ப் பார்த்து எழுதுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். "அன்னைக்கு எம் வாய் சும்மா இருந்துருந்தா அவ டவுன்லதான் இருந்துருப்பா. அவ எழுதிட்டுப் போனத நான் அடிச்சு எழுத மாட்டேன், அண்ணாச்சி. என்னைக் கொன்னாலும் எழுத மாட்டேன்." அவர் இப்போது யாரையும் கேலி பேசுவதில்லை. ஜெபமணி டீச்சரும் தயங்குகிறார். இறந்தவளின் வேலையில் குறை கண்டதாக ஆகிவிடும் என்கிறார். அண்ணன் வரட்டும் என்கிறார். மரியாதைக்காக ஒருவரும் போகாமல் இருக்கிறார்கள். அந்த மரியாதையில் பள்ளி மூடிவிடும். பிறகு நம் ரூத் ஒரு பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் போனவளாக அந்த ஊரில் இருப்பாள். அவள் பொய் எழுதவில்லை. பூட்டியிருந்தது என்பது உண்மை. மீதியைப் பார்க்க அவளுக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது.

அதனால்தான், நீயே போய்ப் பார்த்து எழுதுவதற்கு, உன்னைக் கூப்பிடுகிறேன். எனக்கு ஆறுதல் சொல்ல வா என்று கூப்பிடவில்லை. நம் வீட்டில் இப்போது ஆறுதல் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. அம்மா நாலு தட்டு எடுத்துவைத்துவிட்டு இரண்டைத் திரும்ப உள்ளே வைக்கிறாள். நான் பார்க்காததுபோல் இருக்கிறேன். நீ வந்தாலும் ஒரு தட்டு உள்ளேதான் போகும். அம்மா உன்னிடம் சொல்லச் சொன்னது ஒன்றே ஒன்று: "சீட்டப் பத்தி நான் கேட்டத மனசுல வச்சுக்கிடாண்டாம்னு எழுதுங்க." எழுதிவிட்டேன்.

திரும்பவும் அந்த வேலையை நீ எடுத்துக்கொள்வாயா, அங்கேயே கணக்குப் பார்ப்பாயா என்பது உன் இஷ்டம். எங்கே இருந்தாலும் உன் கையில் ஆட்களை அனுப்பும் வேலை வந்து சேரும். நீ அப்படிப்பட்டவன். அப்போது, போகிற இடம் தெரிந்தவரை முதலில் கேள். நன்றாக நடப்பவரைப் பிறகு கேள். வாரம் ஒருமுறை செய்தி கேட்டால், பார்த்த பள்ளியைப் பற்றிக் கேட்பதற்கு முன் பார்த்தவரைப் பற்றிக் கேள். எழுத்து சரிந்து வந்தால் அன்றைக்கே ஆளை அனுப்பு. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, யாருக்கும் நான் சொன்னதும் இல்லை. இவ்வளவு விலை கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயங்களும் இல்லை இவை.

இனி நிலுவையில் இருப்பது. அந்தப் பள்ளியின் இரண்டாவது பார்வை இன்னும் நடக்கவில்லை. நீ விடுப்பில் இருப்பதாகத்தான் மிஷன் ஆபீசில் இன்னும் வைத்திருக்கிறார்கள், கேட்டு உறுதிசெய்துகொண்டேன். உன் விதிக்காக ஆபீசில் மார்கழி முடியும் வரைதான் காத்திருப்பார்கள்; அதற்குள் யாரும் போய்ப் பார்க்காவிட்டால் ரூத் எழுதியது மட்டுமே மேலே போகும். டெபுடி இன்ஸ்பெக்டர் தை பிறந்தபின் வருவார் என்று எதிர்பார்க்கிறார்கள், நாள் இன்னும் தெரியவில்லை. தண்டல் மறுபடியும் சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்புகிறார். கார்த்திகை பிறந்ததும் அங்கிருந்து திரும்புவார், உனக்கு இடம் வைத்திருப்பதாகச் சொன்னார். காற்று ஒத்துவந்தால் கார்த்திகை முதல் வாரத்தில் தோணி இங்கே வந்துவிடும். தோணி வருகிற நாட்களில் துறைமுகத்தில் நிற்பது என் வேலை. அந்த வாரம் அம்மாவும் வருகிறேன் என்கிறாள்.